கைலாசநாதர் கோயிலில் இல்லாத பட்டம்: பல்லவர்–சீன உறவை நாம் எழுதும் விதம்

2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தார்கள். அந்த ஒரு வாரத்தில் தமிழ்ப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சிகளிலும் பல்லவ வரலாறு பொங்கி வழிந்தது. பெரும்பாலும் ஒரே கட்டுரைதான், எழுதியவர் பெயர் மட்டும் மாறி மாறி வந்தது. காஞ்சிப் பல்லவருக்கும் சீனப் பேரரசுக்கும் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தது; இரண்டாம் நரசிம்மவர்மன் சீனப் பேரரசருக்காக ஒரு பௌத்தக் கோயில் கட்டினான்; போதிதர்மர் பல்லவ இளவரசர்; மாமல்லபுரத்திலிருந்து நம் கப்பல்கள் சீனத்துக்குப் போய்வந்தன. இந்த நான்கு வரிதான் சாரம். இன்றைக்கும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த வரிகளை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏதோ ஒரு மூலத்தின் நிழல் இருக்கிறது. என் குறை வேறு. பல்லவ–சீன அரசு உறவைப் பற்றி நேரடியாகப் பேசும் எழுத்துச் சான்றுகள் சீனத் தரப்பில் எழுதப்பட்டவை. பல்லவர் தங்கள் கல்லிலோ செப்பேட்டிலோ அதைப் பற்றிப் பேசவில்லை. அதாவது ஒரே தரப்பின் சாட்சியம்தான் கையில் இருக்கிறது. அந்தச் சாட்சியம் நம் அரசனைப் பணிந்து வந்தவனாகக் காட்டுகிறது. அதை எடுத்து நம் பெருமையாகப் படிக்கிறோம். எப்படி இது நடக்கிறது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

மண்டகப்பட்டு தரும் அளவுகோல்

சீன ஏடுகளுக்குப் போகும் முன் ஒரு பல்லவக் கல்லைப் பார்த்துவிடுவோம். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கம் இருக்கிற சிற்றூர் மண்டகப்பட்டு. அங்கே முதலாம் மகேந்திரவர்மன் பாறையில் குடைந்த சிறு கோயில் இருக்கிறது. காலம் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். முகப்பின் இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர் சிற்பங்கள், உள்ளே மண்டபம், பின்சுவரில் மூன்று வெறும் கருவறைகள். அவ்வளவுதான் கோயில்.

முகப்பில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மா, ஈசுவரன், விஷ்ணு மூவருக்கும் விசித்திரசித்தன் என்ற அரசன் இந்த ஆலயத்தை உண்டாக்கினான் என்பது அதன் பொருள். விசித்திரசித்தன் மகேந்திரனின் பட்டங்களில் ஒன்று.

இதுவும் ராஜப் பெருமைதான். ஆனால் இந்தப் பெருமையை நாம் சோதித்துப் பார்க்க முடியும். மூன்று கடவுளர் என்கிறான், உள்ளே மூன்று கருவறை இருக்கிறது. செங்கல் இல்லை என்கிறான், கையை வைத்துத் தடவிப் பார்க்கலாம். சொல்லும் பொருளும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள். இதைத் தமிழகத்தின் முதல் குடைவரை என்று எழுதுவது நம் வழக்கம். கல்வெட்டு ‘முதல்’ என்று சொல்லவே இல்லை. நம் ஊரில், நம் கண்முன் இருக்கிற கல்லுக்கே இல்லாத சொல்லைச் சேர்க்கிறோம் என்றால், கடல் தாண்டிய ஏட்டை எப்படிப் படிப்போம்?

அந்த ஏட்டில் வரும் அரசனும் இந்தப் பகுதிக்கு அந்நியன் இல்லை. அதே விழுப்புரம் மாவட்டத்தில் பனமலையில் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டிய ராஜசிம்மன்தான் சீனத்துக்குத் தூது அனுப்பிய இரண்டாம் நரசிம்மவர்மன். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலையும் கட்டியவன்.

சீன ஏட்டில் இருப்பது என்ன

தாங் வம்சத்தின் அரசு வரலாறான ‘பழைய தாங் வரலாறு’ 945இல் முடிக்கப்பட்டது. ‘செஃபூ யுவான்குய்’ என்ற பெருந்தொகுப்பு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சோங் ஆட்சியில் உருவானது. இரண்டுமே நடந்த காலத்துக்கு இருநூறு, முந்நூறு ஆண்டு பிந்தியவை. ஆனால் அரண்மனைப் பதிவேடுகளைப் பார்த்துத் தொகுக்கப்பட்டவை என்பதால் மதிப்புள்ளவை.

720ஆம் ஆண்டுப் பதிவுகளைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம். தென்னிந்தியாவிலிருந்து தூது வந்தது. ஐந்து நிறமுள்ள, பேசும் கிளி ஒன்றைக் கொண்டுவந்தது. தென்னிந்திய அரசன் (பெயர் சீன உச்சரிப்பில் வருகிறது, அதை ஸ்ரீ நரசிம்ம போதவர்மன் என்று பிரித்துப் படிக்கிறார்கள்) தன் போர் யானைகளையும் படையையும் குதிரைகளையும் கொண்டு அரபியரையும் திபெத்தியரையும் தாக்க அனுமதி கேட்டான், தன் படைக்கு ஒரு பெயர் வேண்டும் என்றான். பேரரசர் சுவான்சோங் மகிழ்ந்து பெயர் கொடுத்தார். அரசன் ஒரு கோயில் கட்டி, அதற்குப் பெயர்ப்பலகை வேண்டும் என்று விண்ணப்பித்தான், அதுவும் கிடைத்தது. தூதருக்குச் சரிகை அங்கி, பொன் இடைக்கச்சை, மீன் வடிவப் பை முதலியவை தரப்பட்டன. ஆண்டு முடிவதற்குள் அவனைத் ‘தென்னிந்திய அரசன்’ என்று அங்கீகரிக்கும் பட்டத்தோடு சீனத் தூது புறப்பட்டது.

நம் கட்டுரைகள் இதைத்தான் பாதுகாப்பு ஒப்பந்தம் என்கின்றன. சரி, கொடுத்த பெயர்களைப் பார்ப்போமா?

படைக்குக் கொடுத்த பெயர் ‘ஹுவாய்தெ’: நற்பண்பை நெஞ்சில் போற்றுவது. யாருடைய நற்பண்பு? பேரரசருடையதுதான். கோயிலுக்குக் கொடுத்த பெயர் ‘குவேய்ஹுவா’: நாகரிகத்துக்குத் திரும்பி வருதல், அதாவது பேரரசின் நெறிக்குப் பணிந்து வந்து சேர்தல். வெளிநாட்டவர் குடியுரிமை பெறுவதற்குச் சீன மொழியிலும் ஜப்பானிய மொழியிலும் இன்றும் இந்தச் சொல்தான். ஆக, காஞ்சி அரசனின் படை பேரரசரின் பண்பை எண்ணி உருகுகிறது. அவன் கோயில் பேரரசுக்கு அடங்கி வந்ததைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறது. இதில் சம அந்தஸ்துள்ள இரு நாடுகளின் ஒப்பந்தம் எங்கே இருக்கு?

இதற்காக நரசிம்மவர்மன் சீனத்துக்கு அடங்கிப் போனான் என்று நான் சொல்ல வரவில்லை. தாங் அரசவையில் எந்த நாட்டிலிருந்து யார் வந்தாலும் ‘திறை கொண்டுவந்தார்கள்’ என்றுதான் எழுதுவார்கள். அது அந்த அலுவலகத்தின் பாஷை. ரசீதுப் புத்தகத்தில் ஏற்கனவே அச்சடித்த தலைப்பு மாதிரி. தலைப்பை விட்டுவிட்டு உள்ளே எழுதியிருப்பதைத்தான் படிக்க வேண்டும்.

கோயில் எங்கே இருந்தது என்று ஏடு சொல்லவில்லை. அதை நாகப்பட்டினத்தில் கொண்டுபோய் வைப்பது பின்னால் வந்த பழக்கம். நாகப்பட்டினத்தில் ஐரோப்பியர் ‘சீனக் கோபுரம்’ என்று அழைத்த ஒரு செங்கல் கோபுரம் 1867 வரை நின்றது. அங்கே ஸ்ரீவிஜய அரசர் முதலாம் ராஜராஜன் காலத்தில் எழுப்பிய சூடாமணி விகாரமும் உண்டு. அதற்கு ஆனைமங்கலச் செப்பேடு சாட்சி. மூன்று வெவ்வேறு செய்திகளை ஒன்றாகக் குழைத்தால் ஒரு நல்ல கதை கிடைக்கும். மண்டகப்பட்டு அளவுகோலை வைத்துப் பார்த்தால், சொல் இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் பாறை இல்லை.

தென்னிந்திய அரசன் யார்?

என்னைப் பொறுத்தவரை 720ஆம் ஆண்டுப் பதிவில் கனமான சொல் ‘ஒப்பந்தம்’ இல்லை, ‘தென்னிந்திய அரசன்’தான். ஏனென்றால் அந்தப் பெயர் அதற்கு முன்பே சீன ஏட்டில் இன்னொருவருக்குப் போயிருக்கிறது.

690களின் தொடக்கத்தில், பேரரசி வூ ஆண்ட காலத்தில், ஐந்து இந்தியாக்களின் அரசர்களும் வந்ததாக ஒரு பதிவு உண்டு. கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு, நடு என்று திசைக்கு ஒருவர். தெற்கின் அரசன் பெயரைச் சீன எழுத்திலிருந்து பிரித்தால் ‘சளுக்கிய வல்லபன்’ என்று வருகிறது. வாதாபிச் சாளுக்கியன்! பல்லவனின் பரம எதிரி.

பின்னணி நமக்குத் தெரிந்ததுதான். முதலாம் நரசிம்மவர்மன் 642 வாக்கில் வாதாபியைப் பிடித்தான். அடுத்த தலைமுறையில் முதலாம் விக்கிரமாதித்தன் காஞ்சிப் பக்கம் பாய்ந்தான். இரண்டு வீடுகளுக்கும் இது தீராத வரப்புத் தகராறு. யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தவர். நகரத்தைப் பற்றியும், நூறு விகாரங்களையும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பிக்குகளையும் பற்றியும் எழுதியவர், காஞ்சி அரசன் பெயரை எழுதவில்லை. புலிகேசியின் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார். சீனக் கண்ணில் தெற்கு என்றால் வாதாபி என்ற பதிவுதான் முதலில் விழுந்திருக்கிறது.

இந்த வரிசையில் வைத்தால் 720 வேறு மாதிரி தெரிகிறது. எதிரி ஒரு தலைமுறைக்கு முன் எழுதிக்கொண்ட பெயரை ராஜசிம்மன் தன் பெயரில் மாற்றி வாங்குகிறான். சீனத்தோடு கூட்டணி சேர்வதைவிட, வாதாபிக்குப் போட்டியாகத் தன்னை நிறுத்துவது அந்தத் தூதின் நோக்கமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘தென்னிந்திய அரசன்’ என்பது சீன எழுத்தர் வசதிக்காகப் போட்ட திசைப்பெயர், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆனால் படைக்குப் பெயர் கேட்டதும், கோயிலுக்குப் பெயர்ப்பலகை கேட்டதும் காஞ்சித் தரப்பு என்று அதே ஏடு சொல்கிறது. பெயர் வாங்கத்தான் போயிருக்கிறார்கள்.

அரபியரையும் திபெத்தியரையும் தாக்குவேன் என்றது என்ன கணக்கு? காஞ்சியிலிருந்து போர் யானைகள் திபெத் எல்லைக்கு நடந்துபோகப் போவதில்லை. அது இருவருக்கும் தெரியும். அந்த ஆண்டு சாங்கான் அரசவை என்ன நினைப்பில் இருந்தது என்று பார்க்க வேண்டும். அரபியர் 712க்குள் சிந்துவைப் பிடித்துவிட்டார்கள். மத்திய ஆசியாவில் அரபியரும் திபெத்தியரும் தாங் எல்லையை நெருக்கினார்கள். அதே 720இல்தான் சுவான்சோங் காஷ்மீரத்துச் சந்திராபீடனுக்கும் பட்டம் அனுப்புகிறார். சுவாத் பள்ளத்தாக்கின் உத்தியான அரசனுக்கும் அனுப்புகிறார். ஒரே பருவத்தில் பல வாசல்களுக்கு ஒரே மாதிரிக் கடிதம். அவர்களெல்லாம் உண்மையில் போர்முனையில் இருந்தவர்கள். காஞ்சித் தூதர் அரசவைக்குள் நுழைந்ததும், இங்கே எந்தச் சொல்லுக்கு விலை போகிறது என்று கண்டுகொண்டிருக்கிறார். கெட்டிக்காரர்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அரபியர் படை குஜராத் வரை வந்தபோது தடுத்து நிறுத்தியது யார்? சாளுக்கியரின் கிளை மரபைச் சேர்ந்த அவனிஜனாசிரய புலிகேசி. 739ஆம் ஆண்டு நவசாரிச் செப்பேடு அதைச் சொல்கிறது. வாக்குக் கொடுத்தவன் பல்லவன், சண்டை போட்டது சாளுக்கியன் வீட்டு ஆள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பின்னாகவே சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைப் பார்த்து, அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுத்துவிட்டதாக அங்கேயே ஒரு தூணில் கன்னடத்தில் எழுதியும் வைத்தான். கடல் கடந்து வாங்கிய பட்டம் காஞ்சியின் கதவைக் காக்கவில்லை.

பல்லவன் ஏன் சொல்லவில்லை?

கைலாசநாதர் கோயிலின் சிற்றாலயங்களைச் சுற்றி ராஜசிம்மனின் பட்டங்கள் இருநூற்றைம்பது வரை பொறித்திருக்கிறார்கள். உலக அரசர் வரலாற்றில் இப்படி ஒரு பட்டப் பைத்தியம் அபூர்வம். அதில் சீனப் பேரரசர் கொடுத்த பட்டம் இல்லை. 720க்கு முன்பே அந்தக் கல்லெல்லாம் பொறித்து முடித்திருக்கலாம் என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னால் வந்த பல்லவச் செப்பேடுகளும் இருக்கின்றனவே. வேலூர்ப்பாளையம் செப்பேடு இவனைப் பற்றிப் பேசும்போது காஞ்சியின் கடிகையை மீண்டும் நிறுவியதையும், கைலாயம் போன்ற கற்கோயில் எழுப்பியதையும் சொல்கிறது. சீனம் இல்லை, தூது இல்லை. பனமலைக் கல்வெட்டு பல்லவ குலத்தின் தொன்மத்தைச் சொல்லி நிற்கிறது.

இதை நான் இப்படிப் படிக்கிறேன்: பல்லவனுக்கு உள்ளூரில் மதிப்பு தரும் மூலதனம் வேறு. பிரம்மாவில் தொடங்கும் குலமரபு, வேத வேள்வி, கடிகை, கற்கோயில், வாதாபி வெற்றி. சீனப் பட்டத்தை இங்கே கல்லில் எழுதினால் அதைப் படித்து வியக்க ஆள் இல்லை. அதன் சந்தை வேறு இடத்தில் இருந்தது: கடல்வழியில், துறைமுகங்களில், வணிகர் கூட்டத்தில்.

கப்பல் யாருடையது?

பொருளாதார உறவு என்று வரும்போது நம் கட்டுரைகள் ‘பல்லவர் கப்பற்படை’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. மூலங்கள் சொல்வது அதைவிடச் சுவையானது.

பழைய சான்றிலிருந்து தொடங்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டின் ‘ஹான் வரலாறு’ ஹுவாங்சி என்ற தொலைநாட்டைச் சொல்கிறது. அதைக் காஞ்சி என்று சில அறிஞர்கள் அடையாளம் கண்டார்கள்; எல்லாரும் ஏற்கவில்லை. அங்கிருந்து வாங்மாங் காலத்தில் உயிருள்ள காண்டாமிருகம் வந்தது என்று வேறு இருப்பதால் காஞ்சிக்குப் பொருத்துவது கஷ்டம். ஆனால் அதில் ஒரு தகவல் முக்கியம். பொன்னையும் பட்டையும் எடுத்துக்கொண்டு, முத்தும் கண்ணாடியும் அரிய கற்களும் வாங்கப் போன சீன அரசுத் தூதர்கள் பயணம் செய்தது சீனக் கப்பலில் இல்லை. வெளிநாட்டு வணிகர் கப்பல்கள் துறைக்குத் துறை மாற்றி மாற்றி அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

எழுநூறு ஆண்டு கழித்தும் கதை அதேதான். 719இல் குவாங்சோ வந்து சேர்ந்து, 720இல் தலைநகருக்குப் போன வஜ்ரபோதி என்ற பௌத்தத் துறவி தெற்கிலிருந்து போனவர். அவரைப் பற்றிய ஒரு சீனக் குறிப்பின்படி, நரசிம்ம போதவர்மனே ஒரு படைத்தலைவரையும் பிரஜ்ஞாபாரமிதை நூலையும் காணிக்கைகளையும் அவரோடு அனுப்பியிருக்கிறான். அவர் ஏறிப்போன கப்பல்? இலங்கைத் துறையில் மணிக்கல் வாங்க வந்திருந்த முப்பத்தைந்து பாரசீகக் கப்பல்களோடு சேர்ந்து ஸ்ரீவிஜயம் போயிருக்கிறார். காஞ்சி அரசனின் காணிக்கை, பௌத்தத் துறவியின் நூல், பாரசீகனின் கப்பல், இலங்கையின் கல், சுமத்திராவின் துறைமுகம், சீனத்தின் சந்தை. இரண்டு தூரதேசங்களின் உறவு என்று நாம் சொல்வது இத்தனை பேர் நடுவில் நின்று நடத்திய வியாபாரம்.

போதிதர்மர் விஷயத்திலும் பாரசீகன் குறுக்கே வருவது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, 547இல் யாங் சுவான்சி எழுதியது, அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அதற்கடுத்த மரபு தென்னிந்தியப் பிராமண அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. பல்லவர் என்ற பெயரை இரண்டும் சொல்லவில்லை. 2011இல் வந்த ‘ஏழாம் அறிவு’ படம் பல்லவ இளவரசர் என்பதைக் கேள்விக்கு இடமில்லாத செய்தியாக்கிவிட்டது. அன்றிலிருந்து அதை மறுப்பவர் தமிழ்த் துரோகி.

நம் வணிகர் தரப்பில் கல் இல்லையா என்றால், இருக்கிறது. தாய்லாந்தின் தகுவாபா தமிழ்க் கல்வெட்டு. அவனிநாரணம் என்று பெயரிட்ட ஒரு குளத்தையும், அதற்கு மணிக்கிராமத்தார் அடைக்கலம் என்பதையும் சொல்கிறது. அவனிநாரணன் என்பது ஒன்பதாம் நூற்றாண்டின் மூன்றாம் நந்திவர்மனின் பட்டம். பல்லவ அரசனின் பட்டம் கடல் கடந்து ஒரு தமிழ்க் கல்லில் நிற்கிறது; நிறுத்தியவர்கள் வணிகர்கள். கல் இருக்கும் இடம் காஞ்சியும் இல்லை, சாங்கானும் இல்லை, நடுவழி. உறவின் உண்மையான முகவரி அதுதான்.

சோழர் காலத்தில் பணக்கணக்கே கிடைக்கிறது. 1015இல் ஐம்பத்திரண்டு பேர் கொண்ட சோழத் தூது சோங் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தது. 1077இல் எழுபத்திரண்டு பேர் போய், கொண்டுபோன பொருளுக்கு ஈடாக 81,800 சரம் செப்புக்காசு பெற்றுத் திரும்பினார்கள். ‘திறை’ என்ற தலைப்பின் கீழே எழுதியிருப்பது வியாபாரம். தஞ்சைப் பகுதியில் கிடைத்த சீனச் செப்புக்காசுப் புதையல்களில் பெரும்பகுதி சோங் காலத்தவை. ஏடும் மண்ணும் ஒத்துப்போகின்றன. இங்கே சொல்லுக்குப் பக்கத்தில் பொருள் இருக்கிறது.

அப்படியும் ஏட்டை அப்படியே நம்பக் கூடாது. 1025இல் ராஜேந்திரன் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கினான். 1106இல் சோங் அதிகாரிகள், பர்மாவின் பகான் தூதருக்கு எந்தத் தரத்துக் கடிதத்தாள் என்று விவாதிக்கும்போது, சோழர் ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியவர் என்று குறித்து வைக்கிறார்கள்! யார் அப்படிச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வரும். சீன அரசவைக்குத் தெற்குக் கடல் பற்றித் தெரிந்தது பெரும்பாலும் வந்தவர்கள் வாயால் தெரிந்ததுதான். இந்த வரியைத் தமிழில் பெருமையாக யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. ஏட்டில் நமக்குச் சாதகமானது சான்று, பாதகமானது பிழை என்று பிரித்துக்கொள்கிறோம்.

நம் கையில் இருக்கும் நூல்கள்

தமிழில் இந்தப் பேச்சுக்கு அடித்தளமாக இருப்பது கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி தொகுத்து, 1939இல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பு. மெகஸ்தனிஸ் முதல் மா ஹுவான் வரை தென்னிந்தியாவைப் பற்றி வெளிநாட்டார் எழுதியவற்றின் மொழிபெயர்ப்புகள். சீனம், அரபு, கிரேக்கம் எதுவும் படிக்கத் தெரியாதவருக்கும் வாசலைத் திறந்துவிட்ட பெரும்பணி. ஆனால் தொகுப்பு என்பது தென்னிந்தியா வரும் பத்தியை மட்டும் கத்தரித்து எடுப்பது. பத்திக்கு மேலும் கீழும் காஷ்மீரத்துக்கு என்ன கொடுத்தார்கள், உத்தியானத்துக்கு என்ன கொடுத்தார்கள் என்பது கத்தரிக்கு வெளியே போய்விடும். காஞ்சி மட்டும் தனியாக ஒளிரும். சாஸ்திரியாரின் குற்றம் இல்லை இது. எண்பது ஆண்டாக அந்தத் துண்டுகளைத் தாண்டிப் போகாத நம் குற்றம்.

தான்சென் சென் 2003இல் எழுதிய, 600 முதல் 1400 வரையான இந்திய–சீன உறவு பற்றிய ஆங்கில நூல் இந்தத் துண்டுகளை மீண்டும் முழுத்துணியில் வைத்துத் தைக்கிறது. பௌத்தத்தை மையமாகக் கொண்டிருந்த உறவு எப்படி வணிகத்தை மையமாகக் கொண்டதாக மாறியது என்பது அதன் வாதம். அதிலும் எனக்கு ஒரு குறை உண்டு. ‘இந்தியா’ என்ற அலகு பெரிதாக நிற்பதால், வாதாபி–காஞ்சி மாதிரியான உள்சண்டைகள் சீனத் தூதுகளை எப்படி இயக்கின என்பது பின்னுக்குப் போகிறது. அந்த வேலையைக் கல்வெட்டு படிக்கத் தெரிந்த தமிழ், கன்னட ஆய்வாளர்கள் சேர்ந்துதான் செய்ய முடியும்.

இவ்வளவு கறார் எதற்கு?

‘நல்ல உறவு இருந்ததுன்னு சொன்னா யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. மாமல்லபுரச் சந்திப்பின் முடிவில் தமிழ்நாட்டுக்கும் ஃபூஜியானுக்கும் சகோதர மாநில உறவு என்றார்கள். 2020இல் எழுபது நிகழ்ச்சிகள், பழைய கடல்வழித் தொடர்பு பற்றி மாநாடு என்றார்கள். 2020 ஜூன் 15 அன்று கல்வானில் இந்திய வீரர்கள் இருபது பேர் இறந்தார்கள். அத்தோடு பழைய உறவைப் பற்றிய கட்டுரைகளும் நின்றன. பல்லவ வரலாறு அரசுகளுக்கு இடையிலான தட்பவெப்பத்தைப் பார்த்துப் பூத்து, அதைப் பார்த்தே உதிர்கிறது என்றால், அது வரலாறாக இல்லை; விருந்துக்குப் போட்ட தோரணமாக இருக்கிறது. தோரணத்தை யாரும் பாதுகாப்பதில்லை.

ஃபூஜியானில் இருக்கிற குவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. காலியில் செங் ஹோவின் 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல் கிடைத்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலிக் கல்லை நான் இந்த விவாதத்தின் சிறந்த பாடநூல் என்பேன். ஒரே கல், ஒரே காலம், ஒரே பேரரசர். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை என்கிறது. தமிழில் தெனாவரை நாயனாருக்கு என்கிறது. பாரசீகத்தில் அல்லாவுக்கு என்கிறது. மூன்றும் உண்மை. மூன்றும் மூன்று வாசகருக்காக எழுதப்பட்டவை. அரசுகள் பேசும் விதம் அன்றைக்கும் இதுதான்.

அதனால் 720ஐத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். ஆனால் எழுதும்போது நான்கு கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதுவோம்: யார் எழுதியது, யாருக்காக எழுதியது, நடுவில் கப்பல் யாருடையது, சொல்லுக்குப் பக்கத்தில் பொருள் இருக்கிறதா. இந்தக் கேள்விகளைக் கேட்டால் ‘ஒப்பந்தம்’ போய்விடும். அதற்குப் பதிலாக, வாதாபிக்காரனை முந்திக்கொள்ள, பாரசீகக் கப்பல்கள் போகும் வழியில், ஒரு பேசும் கிளியோடு உலகத்தின் மறுகோடி அரசவைக்குப் போய், தன் யானைப்படைக்கும் கோயிலுக்கும் பெயர் வாங்கிவந்த ஒரு காஞ்சி அரசன் கிடைப்பான். அந்த ஆள் ‘பாதுகாப்பு ஒப்பந்தம்’ போட்ட ஆளைவிடப் பல மடங்கு நிஜமானவன்.